நாலு மருந்தும் ஒரு கேரம் போர்டும்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துத் திணித்திருக்கும் தாளை விரித்து, கடைசி வரிவரைக்கும் படிக்கிறவன் நான். என் குடும்பத்தில் இதற்கு நல்ல பெயர் இல்லை. ஒருமுறை தலைவலி மாத்திரைக்கான தாளைப் படித்து, அதிலிருந்த பக்கவிளைவுகளில் ஏழு எனக்கு ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்து, மாத்திரையை விழுங்காமலே படுத்துக்கொண்டேன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வரும் சரக்குக்குப் படிவம் நிரப்ப வேண்டும். பொடி எழுத்தில் அச்சடித்த எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அந்தத் தொழில் கொடுத்த புத்தி. மீதி நேரத்தில், நகைச்சுவை என்று நான் நம்புவதை எழுதிச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்புவேன். ஆசிரியர்கள் அதை எப்போதும் நம்புவதில்லை.

இது அந்த வகை எழுத்தல்ல. நைனாவுக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்த வருஷத்தில், இதையெல்லாம் கடந்து வந்த யாராவது நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருந்தால் பாதி முட்டாள்தனங்களை நாங்கள் தவிர்த்திருப்போம். மீதிப் பாதியை எப்படியும் செய்திருப்போம். அது குடும்ப வழக்கம்.

என் அப்பாவைத் தெருவே நைனா என்றுதான் கூப்பிடும். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் நாலு மணிக்குச் சட்டை மாற்றி, தலை சீவி, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கேரம் மன்றத்துக்குத் தனியாக நடந்து போவார். ஆறு நிமிஷ நடை, இரண்டு திருப்பம். ஏழு மணிக்குத் திரும்புவார். அந்த மூன்று மணி நேரம்தான் அவருக்கு உத்தியோகம். அம்மாவுக்கு அதுதான் விடுமுறை. "அவரு கெளம்பினாத்தான் எனுக்கு மூச்சே வருது" என்பாள். ஆனால் ஆறரைக்கே வாசலில் வந்து நின்றுவிடுவாள்.

முதலில் ஒரே கேள்வியைச் சாப்பாட்டுக்குள் மூன்று தபா கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு கேள்விக்கு மூன்று தபா கேட்டால்தான் பதில் வரும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஒருநாள் தன் சட்டைக்கு மேல் என் சட்டையையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா நைனா, குளிருதா?"

"உன் சட்டைய இஸ்திரிக்குக் குடுக்கணும்னு சொன்னியே. கையில தூக்கிகினு போவணுமா? போட்டுகினு போனா ஆவாதா?"

பதில் அவ்வளவு நியாயமாக இருந்ததால் மேலும் மூன்று மாதம் வீணாயிற்று.

அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். நரை கலந்த கொண்டை, அவசரமில்லாத குரல். வெளியே இருநூறு பேர் காத்திருக்கும்போது அவசரமில்லாமல் பேசுவது ஒரு வித்தை. முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பி மந்தமானாலும், பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்துவிடலாம் என்றார். அம்மா அன்று மாலையே கோயிலுக்குப் போய் நைனாவுக்குத் தைராய்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். இருக்கவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியோ ரத்தக்கசிவோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அது.

பிறகு ஞாபகப் பரிசோதனை. பள்ளிக்கூடத்தில் வைப்பது மாதிரி, முப்பது மார்க்குக்கு.

"இன்னிக்கு என்ன கிழமை, பெரியவரே?"

"பென்சன்காரனுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதாம்மா."

"சரி, இது என்ன இடம்?"

"நீ இங்கதான வேல செய்யிற? உனுக்கே தெரியலன்னா எப்பிடி?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் மார்க் போடவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நைனா தொண்ணூற்று மூன்றோடு நின்றார். நானும் மனசுக்குள் கழித்துப் பார்த்து எண்பத்தாறோடு நின்றேன். யாரும் என்னைக் கேட்காததற்கு நன்றி. கடைசியில் ஒரு வட்டத்தைப் போட்டுக் கொடுத்து, அதைக் கடிகாரமாக்கச் சொன்னார். நைனா பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு நிமிர்ந்தார். "எடம் பத்தல" என்றார்.

இடம் இருந்தது. இடது பாதி முழுக்கக் காலியாக இருந்தது. 

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். குணமாக்கும் மருந்து இல்லை, சிலருக்குக் கொஞ்ச காலம் சரிவைத் தாமதப்படுத்தும் மருந்துகள் உண்டு என்றார். டோனெபெசில் என்ற மாத்திரையை எழுதினார். இரவில் ஒன்று, ஐந்து மில்லிகிராம். ஒரு மாதம் தாங்கினால் பத்து.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"பிரஷருக்கு ஏதோ ஒண்ணு, டாக்டர். பல வருஷமா."

"அந்த ஏதோ ஒண்ணை அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க."

அடுத்த தடவை நான் மறந்துபோனேன். ஞாபக மறதிக்கான கிளினிக்குக்குத் துணைக்குப் போனவன் மறந்துபோனேன். இதை நான் எழுதாவிட்டால் என் மனைவி கலா எழுதிவிடுவாள்.

வண்ணாரப்பேட்டையில் கலாவின் தம்பி சுந்தர் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களுக்கு மருந்தியல் பாடம் எடுப்பான். நான் என் பங்குக்கு மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு கத்தைத் தாள் அச்சடித்துக்கொண்டு வந்தேன். அதிலிருந்தும் டாக்டரிடமிருந்தும் நான் புரிந்துகொண்டது இவ்வளவு: மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி அனுப்ப அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. சேதி சேர்ந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி. இந்த நோயில் ரசாயனம் குறைகிறது. துடைக்கிறவர் மட்டும் பழைய சுறுசுறுப்போடு இருக்கிறார். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்று மருந்துகளும் அந்தத் துடைக்கிற கையைப் பிடித்துக்கொள்கின்றன. நாலாவதான மெமன்டைன் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. அது வேறு வகை. குளுட்டமேட் என்ற இன்னொரு ரசாயனம் மூளைக்குள் ஓயாமல் போடும் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. நோய் நடுக்கட்டத்துக்கு வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இந்த நாலில் எது உசத்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நாங்கள் வடசென்னைக்காரர்கள் என்பதைக் காட்டினோம். வேறு ஊர்க்காரனாக இருந்தால் டாக்டரைக் கேட்டிருப்பான். நாங்கள் கேரம் போர்டைக் கேட்டோம்.

யோசனை என்னுடையதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். நைனா தினமும் எத்தனை போர்டு ஜெயித்தார், ரெட் காயைப் போட்டு, அடுத்த காயையும் போட்டு ஃபாலோ எடுத்தாரா, எல்லாம் அதில் ஏறியது. மன்றத்திலிருந்து புள்ளிவிவரம் கொடுத்தவர் காசிம் பாய். நைனாவின் தோஸ்து. துறைமுகத்தில் நைனா கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் கீழே நின்று கைச்சாடை காட்டியவர்.

ஆறு வாரத்தில் நைனா தோற்றது மூன்று போர்டு. பத்து மில்லிகிராமுக்கு உயர்த்தியபின் ஒன்றே ஒன்று.

"அத்தான், மருந்து சும்மா பிடிச்சு இழுக்குது பாத்துக்கிடுங்க" என்றான் சுந்தர். "இத அப்பிடியே எழுதி ஃபாரினுக்கு அனுப்புங்க. பேரு வாங்கிருவிய."

நானும் அந்த நினைப்பில்தான் இருந்தேன். நைனாவைக் கொஞ்ச நாளாக நானோ கலாவோ மன்றம்வரை கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தோம். புள்ளிவிவரத்தின் பலத்தில், இனி அவர் தனியாகப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம். நைனாவுக்கு, தன்னை இத்தனை நாள் யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதே நினைவில்லை.

மூன்றாம் நாள் அவர் மன்றத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஐந்து மணிக்குக் காசிம் பாய் வீட்டுக்கு வந்து, "இன்னாபா, இன்னிக்கு ஆட்டம் இல்லியா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு திசையில் ஓடினோம். நான் பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஏறி, கீழே தண்டவாளங்களைப் பார்த்தபோது எனக்குள் ஓடியதை இங்கே எழுதப்போவதில்லை. ஆறே முக்காலுக்கு வீட்டுக்குப் போன் வந்தது. நைனா துறைமுக வாசலுக்குப் போய், இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு லேட்டாகிவிட்டது, உள்ளே விடு என்று காவல்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். சண்டைக்கு நடுவில் கண் இருண்டு சரிந்துவிட்டார். சட்டைப்பையில் அம்மா வைத்திருந்த சீட்டில் எங்கள் நம்பர் இருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். நாடி நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. மறுநாள் காலை நம் டாக்டர் வார்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா தன் பையிலிருந்து அந்த 'ஏதோ ஒண்ணை' எடுத்து நீட்டினாள். அட்டெனலால்.

"இது பிரஷரைக் குறைக்கும், நாடியையும் குறைக்கும்" என்றார் டாக்டர். "டோனெபெசில் பிடிச்சு வைக்கிற ரசாயனம் மூளைக்கு மட்டும் வேலை செய்யறதில்ல. வயித்துக்கும் இதயத்துக்கும் அதுதான். அதனால இந்த வகை மருந்துல சிலருக்கு வாந்தி வரும், சிலருக்கு நாடி குறையும். ரெண்டும் சேர்ந்து அவரைப் படுக்க வெச்சிருச்சு. நல்லவேளை, அடி படல."

புது மருந்தின் தாளை ஒன்பது முறை படித்தவன் நான். பழைய மருந்தின் அட்டையை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அட்டெனலாலையும் டோனெபெசிலையும் நிறுத்தி நான்கு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றும் சத்தத்துக்குத் தகுந்த காற்று வராத வார்டு. எனக்கு ஒரு ஸ்டூல். கலா காலையில் இட்லியோடு வருவாள், மத்தியானம் ரசத்தோடு வருவாள். என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எனக்குத் தன் தலையணையைக் கொடுத்தார். காசிம் பாய் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து வார்டில் பாதிப் பேருக்கு ஊற்றினார்.

நைனா மட்டும் உல்லாசமாக இருந்தார். இரண்டாம் நாள் சிஸ்டர் ஒரு தட்டில் வைட்டமின் மாத்திரையை வைத்து நீட்ட, அவர் ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். மாத்திரை பக்கத்துக் கட்டில்காரரின் காலி டம்ளரில் 'டங்'கென்று விழுந்தது. வார்டே கைதட்டியது.

"தாத்தா! அது முழுங்கறதுக்கு!" என்றார் சிஸ்டர்.

"இன்னொண்ணு வெய்யி. அந்தக் கோடி டம்ளர்ல போடறேன்."

மறுநாளிலிருந்து சிஸ்டர் மாத்திரையை நேராக வாயில் போட்டார்.

நாலாம் நாள் நாடி அறுபத்தெட்டு. சுந்தர் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். டாக்டர் என்னையும் அம்மாவையும் சுந்தரையும் காசிம் பாயையும் வார்டு ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்தார். நான் அச்சடித்த கத்தையையும் கேரம் நோட்டையும் எடுத்து நீட்டினேன். நோட்டை அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எத்தனை போர்டு ஜெயிப்பார்?"

நான் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அதுவே மருந்து தொடங்கிய நாள். காசிம் பாய்தான் சொன்னார்: "அவன் மாசத்துக்கு ரெண்டு போர்டு தோத்தாலே அதிசயம்மா. இருவது வருசமா."

"அப்போ இந்த நோட்டு எதை அளந்திருக்கு?"

எதையும் அளக்கவில்லை. என் முட்டாள்தனத்தைத் தவிர.

"பேர், கிழமை, வழி இதெல்லாம் ஒரு வகை ஞாபகம்" என்றார் டாக்டர். "அதைத்தான் இந்த நோய் முதல்ல தொடும். சைக்கிள் ஓட்டறது, பூக் கட்டறது, கேரம் ஆடறது எல்லாம் கை பழகின ஞாபகம். அது ரொம்ப நாள் நிக்கும். கேரத்தைப் பார்த்து வழியை முடிவு பண்ணிட்டீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல சார், எனக்கே இது புது கதை" என்று சிரித்தார்.

அடுத்தது மருந்து. மெமன்டைன் நாடியைத் தொடாது என்றான் சுந்தர். உண்மைதான், ஆனால் ஆரம்பக் கட்டத்தில் அதனால் பலன் இருப்பதற்குச் சான்று குறைவு, பின்னால் தேவைப்படும்போது எடுக்கலாம் என்றார் டாக்டர். நான் ரிவாஸ்டிக்மின் என்றேன். தினம் இரண்டு வேளை, சாப்பாட்டோடு, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், வாந்தி கொஞ்சம் அதிகம். கேலன்டமினும் இரண்டு வேளை. இரண்டுக்குமே நாடி விஷயத்தில் அதே எச்சரிக்கை உண்டு என்றார் டாக்டர்.

"மூணும் ஒரே ரூட் பஸ்ஸுதான் சார்" என்றார். "எது சீக்கிரம் போகும்னு பார்த்தா பெரிய வித்தியாசம் இல்ல. எதுல உங்களால தினம் ஏற முடியும்னு பாருங்க. வீட்ல மாத்திரை குடுக்கறது யாரு?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"ஒரு வேளன்னா நான் பக்கத்துல குந்திகினு முழுங்க வெப்பேன். ரெண்டு வேளன்னா, 'அப்பவே போட்டுகினேன்'னு சத்தியம் பண்ணுவாரு. எது நெசம்னு எனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

முப்பது பக்கம் அச்சடித்த ஆராய்ச்சி அங்கே முடிந்தது. டோனெபெசிலே மறுபடி. ஐந்து மில்லிகிராம், அதற்கு மேல் போவதில்லை. இரவில் போட்டதில் அவருக்குக் கனவுகள் அதிகம் வந்திருந்ததால் இனிக் காலையில். பிரஷருக்கு நாடியைத் தொடாத வேறு மாத்திரை. இரண்டு வாரத்தில் மறுபடி ஈசிஜி.

"மருந்துகிட்ட எதைக் கேக்கறீங்கன்னு ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க" என்றார் டாக்டர். "எல்லாத்தையும் காப்பாத்தாது."

"அவரு தனியா கிளப்புக்குப் போவணும்மா" என்றாள் அம்மா, யோசிக்கவே இல்லை. "கதவ சாத்தி வெச்சா அந்த மன்சன் ஒரு மாசம் தாங்க மாட்டாரு."

டாக்டர் தலையை மெல்ல அசைத்தார். "அதை மாத்திரை மட்டும் செய்யாதும்மா."

அப்போது காசிம் பாய் எழுந்தார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? கிரேன் கூண்டுல குந்திகினு கீறவனுக்குக் கப்பலுக்குள்ள இன்னா கீதுன்னு தெரியாது. கீழ ஒருத்தன் நின்னு கை காட்டுவான். அதப் பாத்துதான் தூக்குவான், எறக்குவான், திருப்புவான். முப்பது வருசம் நான் கை காட்டினேன், அவன் தூக்கினான். ஒரு பெட்டி கீழ வுய்ந்ததில்ல. வழி அவனுக்கு மறக்கட்டும். என் கை மறக்குமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "செய்ங்க. ஆனா யாராவது கூடவே இருங்க. மூணு மாசம் பார்ப்போம்."

மூன்று மாதமும் நான் நைனாவின் பக்கத்தில் நடந்தேன், வாயைத் திறக்காமல். வழி சொல்லக் கூடாது என்று காசிம் பாயின் உத்தரவு. முதல் திருப்பத்தில் காசிம் பாய் நிற்பார். இரண்டாவதில் கோழிக்கடை அன்பு, காசிம் பாயிடம் பயிற்சி பெற்றவன். நைனா தயங்கி நிற்பார். எதிரே ஒரு கை நீண்டு, விரல் பக்கவாட்டில் காட்டும். நைனாவின் தோள் தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஒருநாள்கூட அவர் இதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கை காட்டினால் திரும்புவது அவருக்குச் சாதாரண விஷயம்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி முப்பது மார்க் பரீட்சை வைத்தார். முதல் தடவை எடுத்த அதே மார்க். "ஏறல, இறங்கல. இந்த நோயில இதுக்குப் பேரு பாஸ்" என்றார். நாடி அறுபத்தாறு. இது இப்படியே நிற்காது, ஆனால் இன்றைக்கு நிற்கிறது என்றார். தனியாக அனுப்பிப் பாருங்கள், நீங்கள் தூரத்தில் வாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று மாலை நாலு மணிக்கு நைனா சட்டை மாற்றி, தலை சீவி, படியிறங்கினார். அம்மா வாசலில் நின்றாள். மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை. நான் முப்பது அடி பின்னால், விளக்குக் கம்பங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனேன். எங்கள் தெருவில் எந்த விளக்குக் கம்பமும் என்னை மறைக்கிற பருமனில் இல்லை.

முதல் திருப்பம். நின்றார். காசிம் பாயின் கை நீண்டது. திரும்பினார். இரண்டாவது திருப்பத்தில் அன்பு ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தான்.  நைனா நின்றார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் ஓடப்போனேன். அதற்குள் அன்பு பேச்சை நிறுத்தாமலே கோழி அறுக்கும் கையை நீட்டினான். நைனா திரும்பி, மன்றத்தின் வாசலில் போய் நின்றார். ஆறு நிமிஷம் ஆகவில்லை.

உள்ளே போகாமல் அவர் திரும்பி நேராக என்னைப் பார்த்தார். நான் ஒரு சைக்கிளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதற்குள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்ட காசிம் பாயைக் கூப்பிட்டார்.

"காசிமு, அந்த ஆளப் பாரேன். வூட்லேந்து என் பின்னாடியே வந்துகினு கீறான். வழி தெரியாத கேசு போல. மொகத்தப் பாத்தா நல்ல குடும்பத்துப் புள்ளயாத்தான் கீறான். பாவம், யாரையாவது வுட்டு வூட்டாண்ட கொண்டுபோய் வுடச் சொல்லு."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே என்னைத் தெரியவில்லையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் உள்ளே போய்விட்டார். பவுடர் தட்டுகிற சத்தமும், காய்கள் சிதறுகிற சத்தமும் கேட்டன.

காசிம் பாய் என் தோளில் கை போட்டார். இரண்டு திருப்பத்தையும் காட்டி என்னைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்.